பழைய வீடு வாங்க வர்றவங்களுக்கு, சாவிக்காரன் சொல்றது

கடலைக்கு இரண்டாம் களை எடுத்து மண் அணைச்சாச்சு. நேத்தும் இன்னைக்கும் மழை. வயலில் இறங்க முடியாது. எழுத நினைத்து ரொம்ப நாளாகத் தள்ளிப் போட்ட விஷயத்தை இன்று எழுதிவிடுகிறேன்.

மாதத்துக்கு ஒருத்தராவது என்னிடம் கேட்கிறார்கள். "அண்ணே, உங்க பக்கம் பழைய செட்டிநாட்டு வீடு ஏதாவது விலைக்கு வருமா?" கேட்கிறவர் சென்னையிலோ பெங்களூரிலோ இருப்பார். ரிடையர் ஆகப் போகிறவர், இல்லையென்றால் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறவர். சித்தன்னவாசல் ஓவியம் பார்க்க வந்திருப்பார். திரும்பும் வழியில் கடியாபட்டியிலோ ராயவரத்திலோ தெருவில் நடந்திருப்பார். வரிசையாக அரண்மனை மாதிரி வீடுகள், எல்லாவற்றிலும் பூட்டு. அன்றைக்கு ராத்திரியே ஆசை வந்துவிடும்.

முன்னே எல்லாம் நான் இதற்குப் பட்டும்படாமல் பதில் சொல்வேன். வெளியூர்க்காரர் வந்து நம்ம ஊர் வீட்டை வாங்குவது எனக்குப் பிடிக்காது. இப்போது அந்த எண்ணம் மாறிவிட்டது. ஏன் மாறியது என்று சொன்னால்தான் மற்றதெல்லாம் புரியும்.

எங்கள் ஊர் திருமயம் தாலுகாவில் ஒரு நகரத்தார் ஊர். பேரை எழுதவில்லை. எழுதினால் நாளைக்கே புரோக்கர் வந்து நிற்பார். நாங்கள் விவசாயக் குடும்பம். ஆனால் எங்கள் வீட்டு ஆணியில் ஒரு பெரிய வீட்டுச் சாவி தொங்குகிறது. அந்த வீட்டு ஆச்சி 1986-ல் மகனோடு சென்னைக்குப் போகும்போது எங்கப்பா கையில் கொடுத்தது. "வெள்ளிக்கிழமை விளக்கு மட்டும் ஏத்திருங்க. மழைக்கு முன்னாடி ஓட்டைப் பார்த்துக்கங்க" என்று சொன்னார்களாம். அப்பா பார்த்தார். அப்பாவுக்குப் பிறகு நான் பார்க்கிறேன். முதலில் வருஷத்துக்கு ஒரு தடவை மணியார்டர் வந்தது, பிறகு பேங்கில் போட்டார்கள், இப்போது ஞாபகம் வந்தால் அனுப்புகிறார்கள். ஆச்சி காலமாகி ரொம்ப நாள் ஆகிறது. இன்றைக்கு அந்த வீட்டுக்குப் பங்குதாரர்கள் 17 பேர். சென்னை, கோயம்புத்தூர், பெங்களூர், மலேசியா, அமெரிக்கா என்று இருக்கிறார்கள்.

ஆனி மாதம் பங்காளி ஒருவர் காரில் வந்தார். கூட ஒரு ஆள். கதவைத் திறந்துவிட்டேன். வந்தவர் முகப்பில் நிற்கவே இல்லை. நேரே வளவுக்குப் போனார். ஒவ்வொரு தூணாகத் தட்டிப் பார்த்தார். டேப்பை எடுத்துச் சுற்றளவு பிடித்தார். நிலை, கதவு, உத்தரம், கைமரம் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். கன அடிக் கணக்கு. அரை மணி நேரத்தில் கணக்கு முடிந்தது. கிளம்பும்போது என்னிடம், "தரையில பதிச்ச ஆத்தங்குடிக் கல்லு உடையாம எடுக்க உங்க ஊர்ல ஆள் இருக்கா?" என்று கேட்டார். தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் தெருவில் 11 பெரிய வீடுகள் இருந்தன. நான் பார்க்கவே 4 வீடு இப்படி லாரியில் ஏறிப் போயிருக்கிறது. அந்த இடத்தில் இப்போது வேலிக்கருவை நிற்கிறது. வெளியூர்க்காரர் வாங்கினால் ஊர் கெட்டுப்போகும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேனே, வாங்க ஆள் வராத அந்த நாலு வீடும் மரமாகத்தானே போயிற்று?

இந்த வீடுகளின் கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். இவை பெரும்பாலும் 1850-க்கும் 1940-க்கும் நடுவில் எழும்பியவை. பர்மா, மலேயா, சிலோன் என்று போய் வட்டித்தொழில் செய்த நகரத்தார் அங்கே சம்பாதித்து இங்கே கட்டினார்கள். தூணுக்குப் பர்மாத் தேக்கு. சில வீட்டில் இத்தாலிப் பளிங்கு. சுவர்ப் பூச்சுக்கு நம்ம ஊர்ச் சுண்ணாம்பு, கடுக்காய், முட்டை வெள்ளைக்கரு. 1942-ல் ஜப்பான் படை பர்மாவுக்குள் வந்ததும் அங்கே போட்டது போட்டபடி ஓடி வந்தார்கள். மிச்சம் இருந்த நிலமும் தொழிலும் பிறகு வந்த நாட்டுடமையில் போயிற்று. வீடு கட்டிய பணம் வந்த வழி அடைந்துவிட்டது. பிள்ளைகள் படித்து வேலைக்குப் போனார்கள். கல்யாணத்துக்கும் படைப்புக்கும் மட்டும் வீடு திறந்தது, பிறகு அதுவும் குறைந்தது. செட்டிநாட்டு ஊர்களை யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இந்தியா 2014-ல் சேர்த்தது. பட்டியலில் பேர் இருக்கிறது என்பதற்காக மரக்காரர் லாரியைத் திருப்பிக்கொண்டு போகவில்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் போய்ப் பாருங்கள். கதவும் தூணும் ஜாடியும் கடைகடையாக அடுக்கி வைத்திருப்பார்கள். ஒவ்வொன்றும் ஒரு வீட்டிலிருந்து வந்ததுதான்.

இனி முக்கியமான விஷயம். ஏன் நல்ல ஆள் வாங்க முடியாமல் மரக்காரர் மட்டும் சுலபமாக வாங்குகிறார்?

எல்லாம் காகிதம்தான். நீங்கள் அந்த வீட்டை முறையாக வாங்க வேண்டுமென்றால் 17 பேரும் கையெழுத்துப் போட வேண்டும். மலேசியாவில் இருக்கிறவர் வர முடியாவிட்டால் பவர் எழுதி, அங்கே இந்தியத் தூதரகத்தில் அத்தாட்சி வாங்கி அனுப்ப வேண்டும். அது இந்தியாவுக்கு வந்த 3 மாதத்துக்குள் இங்கே முத்திரைத்தீர்வை கட்ட வேண்டும். இறந்துபோனவர்களுக்கு வாரிசுச் சான்று, தாய்ப்பத்திரம், நத்தம் பட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் வேண்டும். ஆனால் மரத்தை மட்டும் இறக்கி விற்க இதெல்லாம் யார் கேட்கிறார்கள்? பத்திர ஆபீசுக்குப் போக வேண்டாம். உள்ளூரில் இருக்கிற இரண்டு மூன்று பங்காளி தலையாட்டினால் போதும். மற்றவர்களுக்குப் பங்குப் பணம் போனில் போய்ச் சேரும். குடியிருக்க வருகிறவருக்கு 17 கையெழுத்து, மரக்காரருக்கு ஒரு லாரி. இப்படி இருந்தால் வீடு எந்தப் பக்கம் போகும்?

ஆகவே என் கருத்து இதுதான். குடியிருக்க நினைக்கிறவர்கள் வாருங்கள், வாங்குங்கள். எந்த ஊர்க்காரராக இருந்தாலும் சரி. ஆனால் வாங்கிப் பூட்டி வைக்கிறதுக்காக வராதீர்கள். பூட்டிய வீட்டை இன்னொரு பேருக்கு மாற்றிப் பூட்டுவதால் ஊருக்கும் லாபமில்லை, வீட்டுக்கும் லாபமில்லை. அதற்கு ஒன்பது சதவீதம் செலவு வேறு. பத்திரத்துக்கு முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2.

வருகிறவர்களுக்குச் சாவிக்காரன் என்ற முறையில் சில விஷயங்கள்.

முதலில் ஒரு வருஷம் வாடகைக்கு இருந்து பாருங்கள். கிராமம் வேண்டாம் என்றால் புதுக்கோட்டை டவுனிலேயே இருங்கள். அதுவே ஒரு சின்னக் கலை ஊர்தான், நம்ம ஆட்களுக்கே அது பாதி தெரியாது. 1948 வரைக்கும் தொண்டைமான் சமஸ்தானத்தின் தலைநகரம். சேஷையா சாஸ்திரி 1878-ல் திவானாக வந்த பிறகு ஊர் திருத்தமாக ஆனது. தெருக்கள் கட்டம் போட்டது மாதிரி இருக்கும். கீழ ராஜ வீதி, கீழ இரண்டாம் வீதி, மூன்றாம் வீதி என்று எண்ணிக்கொண்டே போகலாம், வழி கேட்க வேண்டியதில்லை. ராஜா இருந்த அரண்மனையில் இப்போது கலெக்டர் ஆபீஸ் நடக்கிறது. திருக்கோகர்ணத்தில் 1910-ல் தொடங்கிய மியூசியம் இருக்கிறது. அதே திருக்கோகர்ணத்தில்தான் ஒரு ஆசிரியரும் அவர் மனைவியும் சேர்ந்து உருவாக்கிய ஞானாலயா நூலகமும் இருக்கிறது. முதல் பதிப்புகளைத் தேடி எங்கெங்கிருந்தோ ஆராய்ச்சிக்காரர்கள் அங்கே வருகிறார்கள்.

கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்த மான்பூண்டியா பிள்ளை இந்த ஊர்க்காரர். அவர் சீடர் தட்சிணாமூர்த்தி பிள்ளை. மிருதங்கம் வாசிக்கிறவர்கள் புதுக்கோட்டைப் பாணி என்று ஒன்றைச் சொல்கிறார்களே, அது இவர்கள் வழி. மேற்கே போனால் குடுமியான்மலையில் இசைக்கணக்கைப் பாறையில் வெட்டி வைத்திருக்கிறான். விராலிமலையில் சதிர் ஆடிய முத்துக்கண்ணம்மாளுக்கு 2022-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். 2024-ல் புதுக்கோட்டை மாநகராட்சியும் ஆகிவிட்டது.

இவ்வளவும் இருக்கிறது. ஆனால் நீங்கள் நினைக்கிற மாதிரி தினமும் கச்சேரி நடக்காது. பங்குனி வெயிலில் மத்தியானம் தெருவில் நாய்கூட நடக்காது. ராத்திரி ஒன்பது மணிக்கு ஊர் அடங்கிவிடும். பெரிய வைத்தியத்துக்குத் திருச்சியோ மதுரையோ போக வேண்டும். ஒரு சித்திரை, ஒரு ஐப்பசி இரண்டையும் இங்கே கழித்துப் பார்த்த பிறகு முடிவு பண்ணுங்கள். மார்கழியில் வந்து பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுக்கிறவர்கள்தான் ஏமாந்துபோகிறார்கள்.

இரண்டாவது, பங்கு விஷயம். "மூணு பங்கு மட்டும் இப்ப வாங்கிக்கங்க சார், மத்தது தன்னால வரும்" என்று புரோக்கர் சொல்வார். தன்னால வராது. பிரிக்காத குடும்ப வீட்டில் ஒரு பங்கை வெளியாள் வாங்கினால், குடும்பத்தாரோடு சேர்ந்து அந்த வீட்டுக்குள் குடியிருக்க அவருக்கு உரிமை இல்லை என்று 1882-ம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 44-வது பிரிவு சொல்கிறது. அவர் பாகம் கேட்டு வழக்குப் போட்டால், அவர் பங்கைக் குடும்பத்தாரே விலை கொடுத்து எடுத்துக்கொள்ள 1893-ம் வருஷத்துப் பாகப்பிரிவினைச் சட்டம் இடம் கொடுக்கிறது. பணம் கொடுத்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

பெண் மக்கள் கையெழுத்தையும் விட்டுவிடாதீர்கள். "அவங்களுக்கெல்லாம் சீர் செஞ்சு கட்டிக் கொடுத்தாச்சு" என்பார்கள். சீர் செய்தது வேறு, பங்கு வேறு. தமிழ்நாட்டில் 1989-லும் நாடு முழுக்க 2005-லும் சட்டம் திருத்திப் பிறந்த வீட்டுக் கூட்டுச் சொத்தில் மகள்களுக்கும் மகன் மாதிரியே உரிமை கொடுத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டின் 17 பேரில் 9 பேர் பெண்கள். அவர்களில் ஒருவரைக்கூடக் கேட்காமல்தான் அந்த மர ஆளைக் கூட்டிவந்தார் பங்காளி.

மூன்றாவது, கோட்டை, மலைக்கோயில் பக்கத்தில் வாங்குகிறவர்கள் தூரத்தை அளந்து பார்த்துக்கொள்ளுங்கள். திருமயம் கோட்டை மாதிரி மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிற சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானம் கூடாது. அதற்கு அப்புறம் 200 மீட்டர் வரைக்கும் அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். பின்கட்டை இடித்து மாடி எடுக்கலாம் என்று நினைத்து வாங்கினால் மாட்டிக்கொள்வீர்கள்.

நாலாவது, பராமரிப்பு. இந்த வீடுகளைக் கெடுப்பது வெயிலோ வயசோ இல்லை, ஓட்டு வழியாக இறங்குகிற தண்ணிதான். இரண்டு கூரை சேருகிற கூடல்வாயில் ஒரு ஓடு நகர்ந்தால் போதும். குரங்கு நகர்த்தும், பூனை நகர்த்தும். அந்தத் தண்ணி கைமரத்தில் இறங்கும், ஈரத்துக்குக் கரையான் வரும். மூன்று மழை கவனிக்காமல் விட்டால் உத்தரம் உள்ளே கூடாகிவிடும். வருஷா வருஷம் ஆவணியில் ஆளை ஏற்றி ஓட்டை மாற்ற வேண்டும். எங்கள் பக்கத்தில் நாட்டு ஓடு மாற்றத் தெரிந்தவர்கள் நாலு பேர்தான் மிச்சம். நாலு பேருக்கும் அறுபது வயசுக்கு மேல். அவர்கள் பிள்ளைகள் திருப்பூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். இங்கே வருஷம் முழுக்க வேலை இருந்தால் ஒருத்தனாவது நின்றிருப்பான்.

சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட் பூசாதீர்கள். புதுசாக வாங்கினவர்கள் முதலில் செய்கிற தப்பு அதுதான். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தைக் குடித்து வெளியே விடும். சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே நிற்கும், இரண்டு வருஷத்தில் பழைய பூச்சையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு விழும். வாங்கும் விலையைப் பேசும்போதே பாதிக்குப் பாதி பணத்தைத் தனியாக எடுத்து வையுங்கள். கூரைக்கு, மின்சார வயருக்கு, கக்கூசுக்கு அது வேண்டும். இவ்வளவு பெரிய வீட்டை முழுக்க ஒரே நாளில் சரிசெய்ய வேண்டியதில்லை. முகப்பையும் ஒரு கட்டையும் சரிசெய்து குடியேறுங்கள். அடுப்புப் புகையும் ஆள் நடமாட்டமும் இருந்தாலே பாதி வீடு தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும்.

ஐந்தாவதுதான் ஒரு விவசாயியாக எனக்கு முக்கியம். தண்ணீர். இந்த ஊர்களைக் கட்டியவர்கள் கூரையில் விழுகிற மழையை வளவுக்குள் இறக்கினார்கள். அங்கே அண்டாவில் பிடித்தது போக மிச்சம் கிணற்றுக்கும் தெருச் சாக்கடைக்கும் போய், கடைசியில் ஊருணியில் சேரும். புதுக்கோட்டை மழையை நம்பியிருக்கிற மாவட்டம். கண்மாயும் ஊருணியும் இல்லாவிட்டால் இங்கே ஊரே இல்லை. வளவை மூடிக் கண்ணாடி போட்டு ஏசி வைத்துவிட்டால், படத்தில் பார்க்க நன்றாக இருக்கும். அந்த வீட்டுக் கூரைத் தண்ணி எங்கே போகும்? வாங்குகிறவர்கள் வீட்டோடு சேர்த்துத் தெருக் கால்வாயையும் பாருங்கள். ஊருணி தூர் எடுக்க ஊர்க்கூட்டம் போட்டால் வந்து உட்காருங்கள். அன்றைக்குத்தான் நீங்கள் ஊர்க்காரர்.

இப்போது எதிர்ப்பேச்சுக்கு வருகிறேன். எங்கள் டீக்கடையில் இதைச் சொன்னபோது ஒரு தம்பி கேட்டான். "ஏண்ணே, பணக்காரங்க எல்லாம் வந்து வாங்கிட்டா நம்ம புள்ளைக ஒரு மனை வாங்க முடியுமா?" நியாயமான கேள்வி. இலங்கையில் காலிக் கோட்டை 1988-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. பிறகு வெளிநாட்டுக்காரர்கள் வீடுவீடாக வாங்கினார்கள். நிறைய வீடு ஓட்டலும் விருந்தினர் விடுதியுமாக ஆயிற்று. தலைமுறையாகக் குடியிருந்த பல குடும்பங்கள் விற்றுவிட்டு வெளியே போய்விட்டன. சுவர் பளபளவென்று இருக்கிறது, அக்கம்பக்கம் என்பது மெலிந்துவிட்டது. நம்ம பக்கமும் கானாடுகாத்தான், கடியாபட்டியில் சில வீடுகள் ஓட்டல்களாக நன்றாகவே நடக்கின்றன. அதனால் சிலருக்கு வேலையும் கிடைத்திருக்கிறது. அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் தெரு முழுக்க ஓட்டல் ஆகிவிட்டால் அது ஊர் இல்லை.

அதனால்தான் குடியிருக்க வாருங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். இத்தாலியில் ஆள் இல்லாமல் போன சில ஊர்களில் ஒரு யூரோவுக்கு வீடு கொடுத்தார்கள். சும்மா கொடுக்கவில்லை. பெரும்பாலும் மூன்று வருஷத்துக்குள் சரிசெய்ய வேண்டும் என்று நிபந்தனை, அதற்கு முன்பணமும் கட்ட வேண்டும். நம்ம ஊரில் அப்படி நிபந்தனை போட யாரும் இல்லை. வாங்குகிறவர்தான் தனக்குத்தானே போட்டுக்கொள்ள வேண்டும்.

கடைசியாக ஒன்று. இதைப் படிக்கிறவர்களில் வாங்க ஆசைப்படுகிறவர்களைவிட, இப்படி ஒரு வீட்டில் பங்கு வைத்திருக்கிறவர்கள் அதிகம் இருக்கலாம். உங்களுக்குச் சொல்கிறேன். விற்பதும் விற்காததும் உங்கள் இஷ்டம். ஆனால் காகிதத்தை மட்டும் சரிசெய்து வையுங்கள். வாரிசுச் சான்று வாங்குங்கள். பெரியவர் இருக்கும்போதே பாகப்பிரிவினையோ விடுதலைப் பத்திரமோ பதிந்துவிடுங்கள். இன்றைக்கு 17 பேர், அடுத்த தலைமுறையில் 40 பேர் ஆவார்கள். அப்போது எந்த நல்ல ஆள் நினைத்தாலும் அந்த வீட்டை வாங்க முடியாது. மரக்காரருக்கு மட்டும் வழி திறந்திருக்கும்.

எங்கள் தெரு வீட்டுப் பெண் பங்குதாரர்களில் மூத்தவர் கோயம்புத்தூரில் இருக்கிறார். மர ஆள் வந்து போன மறுநாள் அவருக்குப் போன் பண்ணினேன். "ஆச்சி, இப்படி ஒரு பேச்சு நடக்குது, உங்களுக்குத் தெரியுமா?" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "தை வரைக்கும் யாரு வந்தாலும் கதவைத் திறக்காதீங்க தம்பி. நான் எல்லார்கிட்டயும் பேசுறேன்" என்றார். பேசிக்கொண்டிருக்கிறார். 17-ல் 12 பேர், குடியிருக்கிற ஆளுக்குக் கொடுக்கலாம் என்று ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். மலேசியாவில் ஒருவர் இன்னும் போனை எடுக்கவில்லை.

தை வரைக்கும் சாவி என் வீட்டு ஆணியில்தான் தொங்கும். இந்தப் பக்கம் வீடு பார்க்க வர நினைக்கிறவர்கள் ஐப்பசி மழையில் வாருங்கள். வெயில் காலத்தில் எல்லா வீடும் நல்ல வீடாகத்தான் தெரியும். எங்கே ஒழுகுகிறது, தெருத் தண்ணி எந்தப் பக்கம் ஓடுகிறது, ராத்திரி மின்சாரம் போனால் எப்படி இருக்கும் என்று எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். வரும்போது குடையும் டார்ச் லைட்டும் எடுத்து வாருங்கள். சாப்பாடு நம்ம வீட்டில்.